வார்டு வேலையோடு ஓ.இ.டி. படிப்பவர்களுக்கு: லிசனிங், ரீடிங், வார்த்தை நோட்டு

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி வார்டில் ஒரு வருடம் வேலை பார்த்த ஸ்டாஃப் நர்ஸ் யாரையாவது கேட்டுப் பாருங்கள், ஓரளவு பெங்காலி பேசுவார். எழுத்து தெரியாது, இலக்கணம் தெரியாது. ஆனால் கொல்கத்தாவிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்து லாட்ஜ் எடுத்துத் தங்கி வைத்தியம் பார்க்கிறவர்களிடம் "கோத்தாய் பேத்தா?" என்று ஆரம்பித்து, வலி எங்கே, எப்போதிலிருந்து, சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று எல்லாம் கேட்டு வாங்கிவிடுவார். அதே நர்ஸ், வெளிநாட்டு வேலைக்காக நர்ஸ், டாக்டர் எல்லாம் எழுதும் இங்கிலீஷ் தேர்வான ஓ.இ.டி.-யின் லிசனிங்கில் 350 வேண்டிய இடத்தில் 320 வாங்கிவிட்டு, "எனக்கு இங்கிலீஷே வராதுக்கா" என்று என் முன்னால் உட்கார்ந்து அழுவார். பள்ளியிலும் கல்லூரியிலும் வருடக்கணக்கில் இங்கிலீஷ் படித்த பெண் அவர்.

இங்கிலீஷ் அவருக்கு வரும், காதுக்குத்தான் பழக்கமில்லை. பாடம், தேர்வு, கேஸ் ஷீட் என்று எல்லா இங்கிலீஷும் அவருக்குக் கண் வழியாகவே வந்தது. பெங்காலி மட்டும்தான் நேராகக் காதுக்குப் போனது. அந்தக் காது இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. இங்கிலீஷுக்கும் அதை எப்படித் திருப்புவது என்பதைத்தான் இதில் எழுதப்போகிறேன்.

நானும் வார்டில் இருந்தவள்தான். இப்போது காட்பாடி காந்தி நகரில் வீட்டு மாடியில் சாயங்கால பேட்ச் எடுக்கிறேன். குடியாத்தம், ஆற்காடு, வாலாஜா, ஆம்பூர் பக்கமிருந்து டியூட்டி முடித்த கையோடு வருகிறார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். ரைட்டிங், ஸ்பீக்கிங் இரண்டையும் தொடவில்லை. அவற்றைத் திருத்த ஒரு ஆள் வேண்டும். லிசனிங்கையும் ரீடிங்கையும் வீட்டிலேயே நீங்களாகவே சரி செய்துகொள்ளலாம்.

தேர்வின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லிசனிங்கில் 42 கேள்வி, ரீடிங்கில் 42 கேள்வி. மார்க் 0 முதல் 500 வரை. 350 வந்தால் பி கிரேடு. பிரிட்டன் நர்ஸிங் கவுன்சில் லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றுக்கும் பி கேட்கிறது, ரைட்டிங்குக்கு சி பிளஸ் போதும். லிசனிங்கும் ரீடிங்கும் டாக்டர், நர்ஸ், பிசியோ எல்லோருக்கும் ஒரே தாள்தான். அதனால் "அது டாக்டருங்க சமாச்சாரம், நமக்கு வராது" என்று எந்தத் தலைப்பையும் ஒதுக்க முடியாது.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் ஒரு மாக் டெஸ்ட் போடுகிறவர்கள் முன்னேறுவதில்லை. வாரத்துக்கு ஒரு டெஸ்ட் போட்டு, மீதி நாளெல்லாம் அந்த டெஸ்ட்டில் போன கேள்விகளோடு உட்காருகிறவர்கள்தான் முன்னேறுகிறார்கள். டெஸ்ட் என்பது தெர்மாமீட்டர். மணிக்கு ஒரு தரம் வைத்துப் பார்த்தால் காய்ச்சல் இறங்கிவிடாது.

லிசனிங்: ஒரு நிமிட ஆடியோவே போதும்

தேர்வில் எல்லா ஆடியோவும் ஒரே ஒரு முறைதான் ஓடும். ஏ பகுதியில் நோயாளியோடு நடக்கும் உரையாடல் இரண்டு, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் போல. நோட்ஸில் 24 காலியிடம் நிரப்ப வேண்டும். பி பகுதியில் ஆறு சின்னத் துணுக்குகள்: ஹேண்டோவர் (டியூட்டி மாறும்போது நோயாளி விவரத்தை ஒப்படைப்பது), டீம் மீட்டிங், நர்ஸ் நோயாளியிடம் விளக்குவது இப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி. சி பகுதியில் பேட்டி அல்லது பேச்சு இரண்டு, ஆறு ஆறு கேள்வி. பாதிக்கு மேல் மார்க் ஏ பகுதியில் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கஷ்டமும் அங்கேதான்.

"காதுல வுழுதுக்கா, எழுதறதுக்குள்ள போயிடுது" என்பார்கள். உண்மையில் காதில் விழுவது பாதிதான். மீதியை மனசு ஊகித்துக்கொள்கிறது. எது விழுந்தது, எது ஊகம் என்று பிரித்துப் பார்க்க டிக்டேஷனை விட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எழுத்து வடிவமும் கையில் இருக்கிற ஆடியோ ஒன்றை எடுங்கள். ஓ.இ.டி. தளத்திலேயே மாதிரித் தேர்வுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் ஆறு நிமிட நிகழ்ச்சிக்கும் எழுத்து வடிவம் உண்டு. அதில் ஒரு நிமிடம் மட்டும் போதும். முதலில் பேனா இல்லாமல் முழுக்கக் கேளுங்கள். யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று தமிழில் ஒரு வரி வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அடுத்து ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, கேட்டதை அப்படியே எழுதுங்கள். 'அ', 'தெ', 'ஆஃப்' என்று ஒரு சின்ன வார்த்தைகூட விடக்கூடாது. விழாத இடத்தில் கோடு போட்டுவிடுங்கள். ஊகத்தில் நிரப்பினால் இந்தப் பயிற்சியே வீண். கோடு போட்ட இடங்களை மட்டும் இன்னும் இரண்டு மூன்று தரம் கேளுங்கள். அதற்குப் பிறகுதான் எழுத்து வடிவத்தைத் திறந்து சிவப்புப் பேனாவால் திருத்த வேண்டும்.

குடியாத்தத்திலிருந்து வரும் ஒரு பெண்ணின் நோட்டில் 'ஐ ஷுட்' என்று இருந்தது, அடுத்து ஒரு கோடு, பிறகு 'டேக்கன் இட் வித் ஃபுட்'. ஆடியோவில் இருந்தது 'ஐ ஷுட் ஹாவ் டேக்கன் இட் வித் ஃபுட்'. அந்த இலக்கணம் அவருக்கு நன்றாகத் தெரியும், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவர். ஆனால் பேச்சில் அந்த 'ஹாவ்' முழுசாக வராது. 'ஷுடவ்' என்று முந்தின வார்த்தையோடு ஒட்டிக்கொண்டு ஓடிவிடும். புத்தகத்தில் 'ஷுட் ஹாவ்' பார்த்த கண்ணுக்கு 'ஷுடவ்' கேட்ட காதைத் தெரியாது. ஒரு தரம் சிவப்புப் பேனாவில் பார்த்துவிட்டால், அடுத்த தரம் வரும்போது காது பிடித்துக்கொள்ளும். டிக்டேஷனில் நடப்பது இந்த அறிமுகம்தான்.

இதே மாதிரி எல்லோருக்கும் போகிற இடங்கள் சில உண்டு. வேகமான பேச்சில் 'கேன்' என்பது 'கன்' என்று சுருங்கிவிடும். 'கான்ட்' பிரிட்டிஷ் பேச்சில் 'கா' என்று நீண்டு வரும், கடைசி 'ட்' காதில் விழாமலே போகலாம். 'ட்'-க்காகக் காத்திருந்தால் முடியும் என்றதை முடியாது என்றும், முடியாது என்றதை முடியும் என்றும் எழுதிவிடுவீர்கள். நீளத்தைக் கேளுங்கள். அடுத்தது 15, 50. 'ஃபிஃப்டீன்' என்றால் அழுத்தம் பின்னால், 'ஃபிஃப்டி' என்றால் முன்னால். மருந்தளவு சொல்லும்போது 'ஒன் ஃபைவ்' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லப் பழக்குவது இந்தக் குழப்பத்துக்காகத்தான். வார்டில் டெலிபோன் ஆர்டர் வாங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆடியோவில் வரும் நோயாளி அப்படிப் பிரித்துச் சொல்லமாட்டார்.

திருத்தி முடித்த பிறகு ஒரு வேலை பாக்கி. ஆடியோவை ஓடவிட்டு, எழுத்தைப் பார்த்துக்கொண்டே அதோடு சேர்ந்து வாய்விட்டுப் பேசுங்கள். முதலில் மூச்சு வாங்கும், ஆள் முந்திக்கொண்டு போய்விடுவார். சேர்ந்து பேச முடிகிறவரை திரும்பச் செய்யுங்கள். என் பேட்ச்சில் இதை வெட்கப்படாமல் செய்தவர்களுக்கு லிசனிங் சீக்கிரம் ஏறியது. கூட்டுக் குடும்பத்தில் இருக்கிறவர்கள் மொட்டை மாடிக்குப் போய்ச் செய்கிறார்கள். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஏ பகுதிக்கென்று ஒரு தனிப் பழக்கம் வேண்டும். ஆடியோ ஆரம்பிக்கும் முன்பு நோட்ஸைப் பார்க்க 30 வினாடி தருவார்கள். அந்த நேரத்தில் எல்லாவற்றையும் படிக்க முயல வேண்டாம். முதலில் தலைப்புகளைப் பாருங்கள்: பழைய நோய், இப்போதைய மருந்து, குடும்ப வரலாறு. உரையாடல் அந்த வரிசையில்தான் போகும். ஒவ்வொரு காலியிடத்துக்கும் பக்கத்தில் வரப்போவது எண்ணா, உடல் உறுப்பா, மருந்தா, அறிகுறியா என்று மனசில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, கேட்ட வார்த்தையையே எழுதுங்கள். நோயாளி 'டிஸி' என்று சொன்னால் 'டிஸி' என்றே எழுத வேண்டும், 'வெர்டைகோ' ஆக்கக்கூடாது. மருத்துவ அறிவைக் காட்டும் இடம் அது இல்லை.

ஒரு காலியிடம் போய்விட்டால் விட்டுவிடுங்கள். போனதையே யோசித்துக்கொண்டிருந்தால் அடுத்த இரண்டும் போகும். இதையும் வீட்டிலேயே பழகலாம். டெஸ்ட் போடும்போது வேண்டுமென்றே ஒரு காலியிடத்தை நிரப்பாமல் விட்டு, அடுத்ததுக்குத் தாவிப் பாருங்கள். கை பதறாமல் தாவக் கற்றுக்கொள்ளும்.

மாற்றிச் சொல்வதிலும் கவனம் வேண்டும். 'ஐ வாஸ் ஆன் ஃபிஃப்டி மைக்ரோகிராம்ஸ்' என்று தைராய்டு நோயாளி ஆரம்பிப்பார். 50 என்று நீங்கள் எழுதி முடிப்பதற்குள் 'பட் தெ ஜி.பி. புட் இட் அப் டு செவன்டி ஃபைவ்' (குடும்ப டாக்டர் 75 ஆகக் கூட்டினார்) என்று முடிப்பார். இப்போதைய அளவு என்று நோட்ஸ் கேட்டால் விடை 75. 'வாஸ்' காதில் விழுந்த உடனேயே 'இது பழைய கதை, புதுசு வரப்போகிறது' என்று மனசு எழுந்து நிற்க வேண்டும்.

சி பகுதிக்குக் காது நீளமாகப் பழக வேண்டும். பிபிசி ரேடியோ 4-ன் இன்சைட் ஹெல்த், ஆஸ்திரேலிய ஏபிசி-யின் ஹெல்த் ரிப்போர்ட் இரண்டையும் சொல்வேன். ஒன்று பிரிட்டிஷ் குரல், இன்னொன்று ஆஸ்திரேலியக் குரல். 'டுடே' என்பது 'டுடை' மாதிரி விழும் ஆஸ்திரேலியப் பேச்சு ஆரம்பத்தில் மிரட்டும், சில வாரங்களில் பழகிவிடும். கேட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்வி: பேசியவர் இதை ஆதரிக்கிறாரா, சந்தேகப்படுகிறாரா, எச்சரிக்கிறாரா? தகவலை விட மனநிலையைத்தான் சி பகுதி அதிகம் கேட்கும்.

வார்த்தை: சார்ட்டில் எழுதுவது வேறு, நோயாளி சொல்வது வேறு

நம் நர்ஸுகளுக்கு 'டிஸ்னியா', 'ஹெமடூரியா' எல்லாம் அத்துப்படி. தடுமாறுவது 'மை நீ இஸ் பிளேயிங் அப்' என்ற வரியில். முழங்கால் விளையாடுகிறதா என்று கேட்டார் ஒருவர். முழங்கால் மறுபடியும் தொந்தரவு கொடுக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் இந்த வேலையைத் தினமும் தமிழில் செய்துகொண்டுதானே இருக்கிறோம்? ஓ.பி.-யில் வாணியம்பாடியிலிருந்து வந்த பெரியவர் "தல கிர்ருனு சுத்துதும்மா, சோறு இறங்கமாட்டேங்குது, ஒண்ணுக்குப் போனா எரியுது" என்பார். நாம் சார்ட்டில் 'கிடினெஸ், லாஸ் ஆஃப் ஆப்பட்டைட், பர்னிங் மிக்சுரிஷன்' என்று எழுதுகிறோம். நோயாளி பேச்சைச் சார்ட் பேச்சாக்கும் திறமை கையில் இருக்கிறது. பிரிட்டிஷ் நோயாளியின் பேச்சு மட்டும்தான் புதுசு. அந்தப் பெரியவரே லண்டனில் பிறந்திருந்தால் 'ஐ கம் ஓவர் டிஸி, ஐம் ஆஃப் மை ஃபுட், இட் ஸ்டிங்ஸ் வென் ஐ கோ' என்று சொல்லியிருப்பார்.

அதனால் வார்த்தை நோட்டை அகர வரிசையில் போடாதீர்கள். டியூட்டி முடிந்து வந்ததும் அன்று கேட்ட புகார்களில் மூன்றை எழுதுங்கள், பெயரோ படுக்கை எண்ணோ எதுவும் வேண்டாம். முதலில் தமிழில் அவர் சொன்னபடி. அடுத்து சார்ட்டில் நீங்கள் எழுதியபடி. மூன்றாவதாக ஒரு பிரிட்டிஷ் நோயாளி எப்படிச் சொல்வார் என்று. மூன்றாவதுக்கு பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். இணையதளத்தில் அந்த அறிகுறியின் பக்கத்தைப் பாருங்கள். பொதுமக்களுக்காகவே எழுதிய எளிய இங்கிலீஷ், நோயாளி வாயில் வருவதற்கு மிக நெருக்கமானது. மரத்துப்போய்க் குத்துவதற்கு 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்', உடம்பெல்லாம் தடித்தால் 'கேம் அவுட் இன் எ ராஷ்', சளி கக்கினால் 'பிரிங்கிங் அப் ஃபிளெம்', சிறுநீர் சமாச்சாரம் எல்லாம் 'வாட்டர்வொர்க்ஸ்'. இப்படியே நோட்டு நிறையும்.

மருந்து பற்றிய பேச்சுக்கு ஒரு தனிப் பக்கம் ஒதுக்குங்கள். ஏ பகுதியில் மருந்துக் கதை அடிக்கடி வரும், அதில் நடப்பதோ நாலே காரியம்: ஆரம்பிப்பது, நிறுத்துவது, கூட்டுவது, குறைப்பது. 'ஷி புட் மி ஆன் ஸ்டீராய்ட்ஸ்' ஆரம்பித்தது. 'தே டுக் மி ஆஃப் இட்', 'ஐ கேம் ஆஃப் இட்' நிறுத்தியது. முதலாவது டாக்டர் நிறுத்தியது, இரண்டாவது நோயாளி தானாகவே நிறுத்தியதாகவும் இருக்கலாம். 'புட் இட் அப்' கூட்டியது. 'கட் டவுன்', 'பிராட் இட் டவுன்' குறைத்தது. எல்லாம் குட்டி வார்த்தைகள். ஆனால் 'ஆன்', 'ஆஃப்', 'அப்', 'டவுன்' மாறினால் நோயாளி சாப்பிடும் மருந்தே மாறிவிடும்.

நம் ஊர் ஆஸ்பத்திரி இங்கிலீஷ் சிலதைப் பரீட்சையில் எதிர்பார்க்காதீர்கள். நாம் 'கேஷுவல்டி' என்பதை அவர்கள் 'ஏ அண்ட் இ' என்பார்கள், ஆஸ்திரேலியாவில் 'இ.டி.'. நாம் 'ஷிஃப்ட் டு ஐ.சி.யூ.' என்கிறோம், அவர்கள் 'டிரான்ஸ்ஃபர்' என்கிறார்கள். 'நோன் கேஸ் ஆஃப் டயபடீஸ்' நம் சார்ட்டோடு சரி. 'ஆப்ஸ்' என்று அங்கே சொன்னால் பி.பி., பல்ஸ், டெம்பரேச்சர் பார்ப்பது.

ரீடிங் சி பகுதிக்கு இந்த நோயாளி மொழி போதாது. அங்கே கட்டுரை மொழி வரும். அதற்கு ஒரு பட்டியல் உண்டு. நியூசிலாந்து மொழியியலாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட அகாடமிக் வேர்ட் லிஸ்ட், 570 சொல் குடும்பங்கள் கொண்டது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு முறை ஓட்டிப் பார்த்து, தெரியாததை மட்டும் குறித்து வையுங்கள். கட்டுரைகளில் அந்த வார்த்தை எதிர்ப்படும்போது அந்த வாக்கியத்தை முழுசாக நோட்டில் எழுதுங்கள். தனி வார்த்தையும் அதற்குத் தமிழ் அர்த்தமும் எழுதி வைத்த நோட்டு இரண்டு வாரத்தில் செத்துவிடும். எழுதிய அன்று ராத்திரி ஒரு தரம், மூன்றாம் நாள் ஒரு தரம், அடுத்த வாரம் ஒரு தரம் புரட்டினால் நிற்கும்.

ரீடிங்

இதில் ஏ பகுதியும் சி பகுதியும் இரண்டு வேறு தேர்வுகள். ஒன்றுக்குப் படித்த மாதிரி இன்னொன்றுக்குப் படித்தால் இரண்டும் போகும்.

ஏ பகுதியில் ஒரே நோயைப் பற்றி நாலு சின்னத் தாள்கள் தருவார்கள். அட்டவணை, மருந்தளவு, சிகிச்சை வரிசை இப்படி இருக்கும். 20 கேள்விக்கு 15 நிமிடம், நேரம் முடிந்ததும் தாளை வாங்கிவிடுவார்கள். இங்கே முழுக்கப் படிப்பவர்தான் தோற்பார். முதல் நிமிடத்தில் நாலு தாளின் தலைப்புகளையும் துணைத் தலைப்புகளையும் மட்டும் பார்த்து, எதில் என்ன இருக்கிறது என்று முடிவு செய்யுங்கள். பிறகு கேள்வி, அதற்கான தாள், அதற்கான வரி, விடை. தாளில் இருக்கும் வார்த்தையையே எழுத்து மாறாமல் எடுத்து எழுதுங்கள். கண் முன்னால் இருப்பதில் ஸ்பெல்லிங் பிழை விட்டு மார்க்கை இழப்பதைப் போல வருத்தம் வேறில்லை. பயிற்சிக்கு ஏதாவது ஒரு மருந்தின் அளவு அட்டவணையை எடுத்து, குழந்தைக்கு எவ்வளவு, கிட்னி பாதித்தவருக்கு எவ்வளவு, எப்போது நிறுத்த வேண்டும் என்று கேள்வி போட்டு இன்னொருவரை நேரம் பார்க்கச் சொல்லுங்கள். ஹாஸ்டலில் ரூம்மேட் இருந்தால் மாற்றி மாற்றிச் செய்யலாம்.

பி பகுதிக்கான பாடப் புத்தகம் உங்கள் வார்டு சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று எந்தக் கழிவு எதில் போக வேண்டும் என்ற தாள், ஊசி குத்திவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற தாள், புது இன்ஃப்யூஷன் பம்ப்போடு வந்த கையேடு. பி பகுதியில் வரும் ஆறு துணுக்கும் இதே வகை. தினமும் கடந்து போகும் அந்தத் தாளின் முன்னால் ஒரு நிமிடம் நின்று, 'மஸ்ட்' எங்கே, 'ஷுட்' எங்கே, 'மே' எங்கே, 'அன்லெஸ்' எங்கே என்று பாருங்கள். கட்டாயம் எது, நல்லது எது, விதிவிலக்கு எது? பி பகுதியில் பெரும்பாலும் இதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள்.

சி பகுதி சுமார் 800 வார்த்தைக் கட்டுரை இரண்டு, எட்டு எட்டு கேள்வி. பி, சி இரண்டுக்கும் சேர்த்து 45 நிமிடம். பி-யைப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தால் ஒவ்வொரு கட்டுரைக்கும் பதினாறு நிமிடம் போல கிடைக்கும்.

"இங்கிலீஷில் படித்து இங்கிலீஷிலேயே யோசி" என்று பலர் சொல்வார்கள். பயிற்சிக் காலத்தில் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் தமிழில் ஒரே ஒரு வரி எழுதச் சொல்கிறேன்: 'இங்கே இவர் என்ன சொல்ல வருகிறார்?' 'போன பத்தியில் சொன்னதை மறுக்கிறார்', 'உதாரணம் கொடுக்கிறார்', 'ஆய்வைப் பாராட்டுகிறார், ஆனால் முழுசாக நம்பவில்லை'. இங்கிலீஷில் எழுதச் சொன்னால் பத்தியில் இருக்கும் வார்த்தைகளையே காப்பி அடித்துவிட்டுப் புரிந்ததாக நினைத்துக்கொள்வார்கள். தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. புரியாவிட்டால் பேனா நகராது. சில மாதங்களில் எழுதாமலே மனசில் அந்த வரி ஓடும், அப்போது நிறுத்திக்கொள்ளலாம்.

விடைகளில் மூன்று வகைப் பொறி இருக்கும். கட்டுரையின் வார்த்தைகளையே வைத்து வேறு அர்த்தம் சொல்வது ஒன்று. 'ஒன்லி', 'ஆல்வேஸ்' என்று ஆசிரியர் சொன்னதை விட அழுத்திச் சொல்வது இன்னொன்று. மூன்றாவதில்தான் அனுபவசாலி நர்ஸுகள் விழுகிறார்கள்: உலகத்தில் உண்மை, ஆனால் அந்தப் பத்தியில் இல்லாதது. கை கழுவுவதைப் பற்றிப் பயிற்சிக்காக நான் ஒரு பத்தி எழுதி வைத்திருக்கிறேன். சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியும் மாற்றமில்லை, சானிடைசரைப் படுக்கை அருகிலேயே வைத்த பிறகுதான் ஊழியர்கள் பழகினார்கள் என்று அதில் வரும். ஆசிரியரின் கருத்து என்ன என்று கேட்டால், பாதிப் பேர் 'கை கழுவினால் தொற்று குறையும்' என்பதைத் தேர்வு செய்கிறார்கள். அது உண்மைதான், நாம் வாழ்கிற உண்மை. ஆனால் அந்தப் பத்தி சொல்வது பொருளை எங்கே வைக்கிறோம் என்பதைப் பற்றி. ஒரு விடை உங்களுக்கு ரொம்பச் சரியாகத் தோன்றினால், 'எந்த வரியில் இருக்கிறது?' என்று விரலை வைத்துப் பாருங்கள். விரல் வைக்க வரி இல்லையென்றால் அது விடை இல்லை.

படிக்கக் கட்டுரை தேர்ந்தெடுக்கும்போது, ஐம்பது வார்த்தைக்கு ஒரு தெரியாத வார்த்தை வந்தால் சரியான கட்டுரை. ஒவ்வொரு வரியிலும் அகராதி எடுக்க வேண்டியிருந்தால் அதை வைத்துவிட்டு எளியதை எடுங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை. தி கான்வர்சேஷன் தளத்தின் ஹெல்த் பகுதிக் கட்டுரைகள் நீளத்திலும் தொனியிலும் சி பகுதிக்கு நன்றாகப் பொருந்தும்.

போன கேள்விக்கு ஒரு கணக்கு நோட்டு

டெஸ்ட்டில் போன ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே காரணத்தை எழுதுங்கள். லிசனிங்கில் நாலே காரணம்தான். வார்த்தையே தெரியாது. வார்த்தை தெரியும், காதில் பிடிபடவில்லை. பிடிபட்டது, எழுதுவதற்குள் அடுத்தது வந்துவிட்டது. எல்லாம் கேட்டது, மாற்றிச் சொன்னதில் ஏமாந்தோம். நாலு டெஸ்ட் முடிந்ததும் எந்தக் காரணம் அதிகம் என்று பாருங்கள். முதலாவது என்றால் வார்த்தை நோட்டு. இரண்டாவது என்றால் டிக்டேஷன். மூன்றாவது என்றால் சுருக்கி எழுதும் பழக்கம், வார்டில் ஹேண்டோவர் எடுக்கும்போது செய்வோமே, அதேதான். நாலாவது என்றால் 'பட்', 'ஆக்சுவலி', 'யூஸ்ட் டு' வரும் இடங்களை மட்டும் பொறுக்கிக் கேளுங்கள். "எனக்கு லிசனிங் வீக்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பவரிடம் எந்த மருந்தை எழுதுவது?

டெலிகிராமில் 'ரீகால்' என்று, போன மாதம் வந்த கேள்வி என்று சொல்லிக் காசுக்கு விற்கிறார்கள். சில கோச்சிங் சென்டர்களே அதை மனப்பாடம் செய்ய வைக்கின்றன. வாங்காதீர்கள். வட்டிக்கு வாங்கிப் பரீட்சைக் கட்டணம் கட்டுகிற வீடுகளை நான் பார்க்கிறேன். அந்தக் காசும், மனப்பாடம் செய்யச் செலவழித்த ராத்திரிகளும் திரும்ப வராது. அது மோசடி என்று பிடிபட்டால் ரிசல்ட்டே நின்றுபோகும்.

டியூட்டிக்கு நடுவே எப்படி

புது ஆடியோவை பஸ்ஸில் கேட்க வேண்டாம். குடியாத்தம் பஸ்ஸின் ஹாரனிலும் பாட்டுச் சத்தத்திலும் கேட்டால் காதில் பிடிபடாததற்குக் காரணம் நீங்களா பஸ்ஸா என்றே தெரியாது. ஏற்கெனவே டிக்டேஷன் எழுதித் திருத்திய ஆடியோவைத்தான் பஸ்ஸிலும், காட்பாடியிலிருந்து போகும் ரயிலிலும், காலையில் கோட்டைப் பூங்காவில் நடக்கும்போதும் கேட்க வேண்டும். எத்தனை தரம் கேட்டாலும் அது பலன் தரும்.

மார்னிங் டியூட்டி வாரத்தில் சாயங்காலம் டிக்டேஷனும் சி பகுதிக் கட்டுரையும். ஈவினிங் டியூட்டி என்றால் காலையில் தலை தெளிவாக இருக்கும், வாராந்திர டெஸ்ட்டை அப்போது போடுங்கள். நைட் டியூட்டி வாரத்தில் புதுசாக எதுவும் வேண்டாம். நோட்டைப் புரட்டுங்கள், பழைய ஆடியோ கேளுங்கள், தூங்குங்கள். கல்யாணமாகி, வீட்டு வேலையும் பார்த்து, மாமியாருக்கு மாத்திரையும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் படிக்கும் பெண்கள் என் பேட்ச்சில் நிறைய. அவர்களுக்கு ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அந்த முக்கால் மணியில் ஒரு நிமிட டிக்டேஷன் முழுசாக முடியும். அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

தேர்வுத் தேதி பதிவு செய்த அன்றே வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லி, தேர்வுக்கு முந்தின இரண்டு ராத்திரியும் டியூட்டி இல்லாமல் ரோஸ்டர் போடச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் யாரையும் மாற்றிவிட முடியாது. முந்தின நாள் புது டெஸ்ட் எதுவும் போடாதீர்கள். பதிவு செய்யும்போது கொடுத்த அதே பாஸ்போர்ட்டைப் பையில் வையுங்கள். சென்டர் வெளியூர் என்றால் காலை ரயிலை நம்பாமல் முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள். காலையில் எழுந்ததும் நன்றாகப் பழகிய பழைய ஆடியோ ஒன்றை ஒரு தரம் ஓடவிட்டு, அதோடு சேர்ந்து வாய்விட்டுப் பேசிவிட்டு உள்ளே போங்கள். அப்போது ஹாலில் முதல் குரல் வரும்போது, காது ஏற்கெனவே இங்கிலீஷில் இருக்கும்.